பழைய எலெக்ட்ரிக் கிட்டாரின் பெயிண்டைச் சுரண்டும் முன்

பழைய கிட்டாரை வாங்கியதுமே பெயிண்டைச் சுரண்ட உட்காராதீர்கள். அது எந்த வகைப் பூச்சு என்பதை முதலில் பாருங்கள். கழுத்தைக் கழற்றினால் உடலில் ஒரு குழி தெரியும். பஞ்சில் சிறிது அசிட்டோன் தொட்டு அங்கே தேயுங்கள். பெயிண்ட் இளகி ஒட்டினால் அது பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அசையாமல் இருந்தால் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர்.

லாக்கர் என்றால் ரப்பர் பதித்த ஸ்டாண்டில் சாய்த்து வைக்காதீர்கள். ரப்பர் பட்ட இடம் இளகிக் கறையாகிவிடும். பருத்தித் துணி சுற்றினால் போதும். 1950, 60களில் செய்யப்பட்ட கிட்டாராக இருந்தால் தொடவே வேண்டாம். மறுபூச்சு அதன் மதிப்பை வெகுவாகக் குறைத்துவிடும்.

பாலியெஸ்டர் கண்ணாடிபோல் கடினமானது, முழுவதும் நீக்குவது பெரும்பாடு. உடைந்த ஓரத்தை மட்டும் சரிசெய்வதே என் பரிந்துரை: பள்ளத்தில் சூப்பர் க்ளூவைச் சொட்டுச் சொட்டாக நிரப்பி, நன்றாகக் காய்ந்தபின் 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து, பாலிஷ் போடுங்கள். திருகுத் துளைகளில் மட்டும் தண்ணீர் இறங்கக் கூடாது, மரம் ஊதிவிடும். உலர்ந்த நிலையில் தேய்ப்பதானால் முகக்கவசம் கட்டாயம்.