இங்கிலாந்து பப்: எது பழையது, எங்கே ஏமாறுகிறோம்?

இங்கிலாந்துக்கு முதன்முறை போகிறவர்கள் பப் விஷயத்தில் செய்யும் முதல் தவறு, சுவரில் எழுதியிருக்கும் ஆண்டை அப்படியே நம்பிவிடுவது. நாட்டிங்ஹாமில் கோட்டைப் பாறையின் அடியில் ‘யே ஓல்டு டிரிப் டு ஜெருசலேம்’ என்றொரு பப் இருக்கிறது. வெள்ளைச் சுவரில் கொட்டை எழுத்தில் கி.பி. 1189 என்று போட்டிருப்பார்கள். சிலுவைப் போருக்குப் புறப்பட்ட வீரர்கள் இங்கேதான் தொண்டையை நனைத்துக்கொண்டு போனார்கள் என்பது கதை. இப்போது நிற்கும் கட்டடமோ 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெயர் அதற்கும் பிந்தையது. பாறையைக் குடைந்த உள்ளறைகளுக்காகத் தாராளமாகப் போகலாம். ஆண்டுக்காகப் போக வேண்டாம். அதே ஊரில் ‘பெல் இன்’, ‘சல்யூட்டேஷன்’ என்ற இரண்டு பப்களும் தாங்களே மூத்தவர்கள் என்று உரிமை கொண்டாடுகின்றன. மூன்றில் யார் ஜெயித்தாலும் பீர் விலை குறையப்போவதில்லை.

அடுத்து, வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கறுப்பு மரச் சட்டங்கள். பார்த்தவுடன் 16ஆம் நூற்றாண்டு, எட்டாம் ஹென்றி மன்னர் காலம் என்று தோன்றும். புறநகர்ச் சாலையோரத்தில், முன்னால் விசாலமான கார் நிறுத்துமிடத்தோடு அப்படி ஒரு பப் நின்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 1920களிலும் 30களிலும் பீர் ஆலைகள் இந்த வேடத்தில் நிறையக் கட்டின. குடிகாரர் கூடாரம் என்ற கெட்ட பெயரைத் துடைத்து, குடும்பத்தோடு வருகிறவர்களை இழுக்க அவர்களுக்கு ஒரு மரியாதையான தோற்றம் தேவைப்பட்டது. அத்தகைய கட்டடங்கள் பலவற்றில் அந்த மரம் எதையும் தாங்குவதில்லை, அழகுக்கு ஒட்டியது. தட்டில் வரும் ‘பிளவ்மேன்ஸ் லஞ்ச்’ (உழவனின் மதிய உணவு) கதையும் இதுதான். ரொட்டியும் சீஸும் ஊறுகாயும் உழவன் காலங்காலமாகச் சாப்பிட்டவையாக இருக்கலாம். ஆனால் இந்தப் பெயரில் அதை எல்லா பப்களுக்கும் கொண்டு சேர்த்தது, 1950, 60களில் சீஸ் விற்பனையைப் பெருக்க நடந்த விளம்பரம்.

இப்படிப் போலிப் பழமையில் மயங்குகிறவர்கள், உண்மையான பழமை கண்ணெதிரே இருந்தும் கவனிப்பதில்லை. லண்டன் புளூம்ஸ்பரியில் ‘தி லாம்’ (The Lamb) பப்பின் கவுண்டர் மேல், முக உயரத்தில், வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிப் பலகைகள் இருக்கும். பூவேலை பொறித்த ஒளிபுகாத கண்ணாடி, அச்சில் திரும்பும். விக்டோரியா காலத்துக் கனவான்கள் தாங்கள் குடிப்பதை எதிர்ப்பக்கத்து எளிய மக்களோ, ஊற்றித் தருகிற ஆளோ பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பலகையைத் திருப்பி வேண்டியதைச் சொல்லிவிட்டு மூடிக்கொள்வார்கள். ஒரே கூரைக்குள் தொழிலாளர்களுக்குப் ‘பப்ளிக் பார்’, காசுள்ளவர்களுக்குச் ‘சலூன் பார்’ என்று தனி அறை, தனி வாசல், தனி விலை. இன்று நாம் காணும் ஒரே பெரிய கூடம், இந்தத் தடுப்புகளை 20ஆம் நூற்றாண்டில் இடித்ததால் வந்தது. ஹோல்போர்னில் உள்ள ‘பிரின்சஸ் லூயிஸ்’ பப்பில் அகற்றியவற்றை இந்த நூற்றாண்டில் திரும்ப அமைத்திருக்கிறார்கள். ஆக, அந்தப் பழமையும் பாதி புதியதுதான்! ஆனாலும் அந்தச் சிறு அறையொன்றில் நின்றால் பழைய பப் எப்படி இயங்கியது என்பது உடனே பிடிபடும்.

உட்கார்ந்துகொண்டு பணியாளர் வருவார் என்று காத்திருப்பது நம்மவர்கள் தவறாமல் செய்கிற தவறு. யாரும் வரமாட்டார்கள். பெரும்பாலான பப்களில் நீங்களே கவுண்டருக்குப் போய், சொல்லி, காசு கொடுத்து, கண்ணாடிக் கோப்பையை ஏந்தி வர வேண்டும். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யார் முதலில் வந்தார், அடுத்து யார் என்று நிற்கிற எல்லோருக்கும் தெரியும். நோட்டை ஆட்டுவதும், ‘ஹலோ’ என்று கூப்பிடுவதும், விரலைச் சொடுக்குவதும் உங்களைக் கடைசிக்குத் தள்ளிவிடும். உங்களுக்கு முன்பு வந்தவரை விட்டுவிட்டு உங்களிடம் கேட்டால், “இவர்தான் முதலில்” என்று கைகாட்டுங்கள். அதைவிட நல்ல அறிமுகம் வேறில்லை.

நால்வர் சேர்ந்து போனால் ஒருவர் நால்வருக்கும் வாங்குவார், பிறகு அடுத்தவர் முறை; இதற்கு ‘ரவுண்டு’ என்று பெயர். தன் முறை வரும்போது கழிவறைக்கு நழுவுகிறவரை ஊரே நினைவு வைத்திருக்கும். இந்தப் பழக்கத்தை அரசாங்கமே ஒருமுறை தடுத்துப் பார்த்தது. முதல் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிற்சாலை வேலை கெடுகிறது என்று 1915இல் லண்டனிலும் வேறு பல பகுதிகளிலும் பிறருக்கு மது வாங்கிக் கொடுப்பதைக் குற்றமாக்கினார்கள். போர் முடிந்ததும் ரவுண்டு திரும்பிவிட்டது. அதே போரின் காரணமாக வந்த பிற்பகல் அடைப்பு மட்டும் 1988 வரை நீடித்தது.

“பீர் சூடாக இருக்கிறது” என்று முகம் சுளிப்பது இன்னொன்று. கைப்பிடியை இழுத்து ஊற்றும் ‘ஏல்’ என்ற பாரம்பரிய பீர், நிலவறையில் பீப்பாய்க்குள்ளேயே கடைசிக் கட்ட நொதிப்பை முடித்துக்கொள்வது. அதற்குரிய வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி. ஐஸ் போல் குளிர்ந்தால் வாசனை எழாது. பீப்பாயைத் திறந்தபின் மூன்று நாளைக்குள் தீர வேண்டிய சரக்கு என்பதால் சில சமயம் புளித்தும் போகும். அப்போது சகித்துக்கொண்டு குடிக்காதீர்கள். பாதி காலியாகும் முன்பே கொண்டுபோய் மெல்லச் சொன்னால், நல்ல பப்பில் வாதாடாமல் மாற்றித் தருவார்கள். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. நுரை அளவுக்கு மீறினால் நிரப்பித் தரச் சொல்வதும் தவறல்ல.

எனக்கு எரிச்சலூட்டும் தவறு வேறு: பப் என்றால் அந்தக் காலத்தில் ஊரே பேதமின்றிக் கூடிய இடம் என்ற ஏக்கப் பேச்சு. ஃபிளீட் தெருவின் ‘எல் வினோ’ ஒயின் பாரில் பெண்கள் கவுண்டர் முன் நின்று வாங்கக் கூடாது, பின்னறையில் உட்கார வேண்டும் என்ற விதி 1982இல் நீதிமன்றம் தலையிடும்வரை இருந்தது. பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெத்விக்கில் 1960களில் பல பப்கள் ஆசியர்களையும் கறுப்பினத்தவரையும் நல்ல அறைக்குள் விடவில்லை. இந்தியத் தொழிலாளர் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் 1965 பிப்ரவரியில், கொல்லப்படுவதற்கு 9 நாள் முன்பு, அந்த ஊருக்கு வந்து நேரில் பார்த்தார். பப்களில் நிறம் பார்த்து மறுப்பதை அந்த ஆண்டுச் சட்டம்தான் தடை செய்தது. இப்போது அந்த வட்டாரத்தில் பஞ்சாபிகள் நடத்தும் ‘தேசி பப்’கள் பிரபலம், இரும்புத் தட்டில் சுடச்சுடச் சீறிக்கொண்டு வரும், பல வகை இறைச்சியைச் சுட்டுக் கலந்த ‘மிக்ஸட் கிரில்’லுக்காகவே தொலைவிலிருந்து வருகிறார்கள்.

சாப்பிடப் போகிறவர்கள் சமையலறை நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. பப் திறந்திருக்கிறது என்பதால் அடுப்பு எரிகிறது என்று அர்த்தமில்லை; பிற்பகல் இரண்டரைக்கே மூடிவிடுகிற இடங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ‘ரோஸ்ட்’டுக்கு (வாட்டிய இறைச்சி விருந்து) முன்பதிவு இல்லாமல் போனால் பட்டினிதான். இரவில் மணி அடித்தால் கடைசியாக வாங்கிக்கொள்ளலாம் என்று பொருள். இரண்டாம் மணிக்குப் பிறகு கெஞ்சினாலும் ஊற்றமாட்டார்கள்.