தாலி என்று எழுதினால் கயிறு என்று படிப்பார்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து மக்களுக்கு மலாய் மொழியில் மனுவும் புகாரும் எழுதித் தருகிறேன். உதவிக்கு வரும் பிள்ளைகள் நான் அன்று செய்த தவறுகளையே செய்கிறார்கள். தேதிப் பிழை, கையெழுத்து விட்டுப்போவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். ஒரே எழுத்துக்கூட்டு இரண்டு மொழியில் இரண்டு பொருள் தரும் இடம்தான் மாட்டிவிடும்.

தமிழ்ச் சொல்லை அப்படியே ரோமன் எழுத்தில் போடுவது

செம்பனைத் தோட்டத்து அக்கா ஒருவர் அழுதுகொண்டே வந்தார். மோட்டாரில் வந்தவன் கழுத்தில் இருந்ததை அறுத்துக்கொண்டு போய்விட்டான். "தாலி போச்சு தம்பி" என்றார். அவசரத்தில் டி-ஏ-எல்-ஐ என்று தட்டினேன். மலாயில் அது கயிறு. தங்கம் என்றோ எடை என்றோ ஒரு சொல்லும் இல்லை. வாசித்துக் காட்டியபோதும் இருவருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் மலாய்ச் சொல்லும் காதுக்குத் தாலி போலவே கேட்கும். பிறகு சங்கிலி பிடிபட்டு அடையாளம் காட்டப் போனார். தாளில் கயிறு, மேசையில் நகை. விளக்கம் எழுதிக் கொடுக்க அலைந்ததில் அவருக்கு இரண்டு நாள் சம்பளம் போயிற்று. இன்றும் அதை நினைத்தால் என் மேல் கோபம் வருகிறது.

நம்மை ஏமாற்றுவது உண்மையான இரவல் சொற்கள்தான். கடை 'கெடாய்' ஆனது, கப்பல் 'காப்பால்' ஆனது. அந்தத் தைரியத்தில் எல்லாச் சொல்லையும் நம்பிவிடுகிறோம். தமிழ் திராவிட மொழி, மலாய் ஆஸ்திரோனேசிய மொழி; கொடுக்கல் வாங்கல் உண்டு, ரத்த உறவு கிடையாது. இப்போது நான் 'ரந்தாய் எமாஸ்', அதாவது தங்கச் சங்கிலி என்று எழுதி, அது திருமணச் சங்கிலி என்பதையும் எடையையும் பதக்கத்தின் வடிவத்தையும் சேர்க்கிறேன். தாலி என்றே போட வேண்டுமானால் டி-க்குப் பின் எச் போட்டு, பக்கத்திலேயே விளக்கம் எழுதுங்கள்.

ஆங்கிலக் கண்ணால் மலாயைப் படிப்பது

ஏ-ஐ-ஆர் காற்று அல்ல, தண்ணீர். மருந்து உறையில் ஜே-ஏ-எம் என்றால் மணி நேரம். சி-ஏ-டி பூனை அல்ல, 'சாட்', சுவருக்கு அடிக்கும் சாயம். 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்துமுறையைப் பொதுவாக்கியபோது, இங்கே சி-எச் என்று எழுதியது வெறும் சி ஆனது. பழைய பத்திரங்களைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

மலாய்ச் சொல்லைத் தமிழில் எழுதுவது

'மலாம்' என்றால் இரவு. துணைக்காலை விட்டால் அழைப்பிதழ் முழுவதையும் திரும்ப அச்சடிக்க வேண்டும்.

பெயர்

ஐசியில், அதாவது அடையாள அட்டையில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல்.