பழைய காரில் வாடை வந்தால் செய்யக்கூடாதவை

பழைய காருக்குள் புதிதாக ஒரு வாடை வந்தால் மதுரையில் பெரும்பாலோர் முதலில் செய்வது அதை மூடி மறைப்பதுதான். ஏசி வாயில் ஒரு பர்ஃப்யூம் டப்பா, வலைப்பையில் கற்பூரம், கண்ணாடியில் ஒரு முழம் மல்லி. 2014-ல் தயாரிப்பு நின்ற மாருதி 800 மாதிரியான வண்டிகளில் எச்சரிக்கை விளக்குகளே குறைவு. மீட்டர் காட்டுவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் அவற்றில் நமக்கு இருக்கும் வசதி. அதையும் அடைத்துவிட்டால் எப்படி? முதலில் எல்லாவற்றையும் எடுத்து வெளியே போடுங்கள். காய்ந்த பூவும் திருஷ்டி எலுமிச்சையும் சேர்த்துத்தான்.

அடுத்த தவறு, எந்த பார்ட் போயிருக்கிறது என்று யோசிக்கத் தொடங்குவது. வாடை எப்போது வருகிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும். காலையில் கதவைத் திறந்ததுமா, ஏசி போட்டதுமா, மேடு ஏறும்போதா, ஓடி நின்ற பிறகா? "ஒரு மாதிரி நாறுது" என்று சொன்னால் எந்த மெக்கானிக்கும் தடுமாறுவார். "திருமங்கலம் வரை ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் மட்டும் எண்ணெய் கருகுகிற வாடை" என்று சொல்லுங்கள், அவர் நேராக இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கைப் பார்ப்பார். அங்கே கசியும் ஆயில் சூடான சைலன்சர் குழாயில் சொட்டிக் கருகும். ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நின்றதும் பானட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் இடையில் இருக்கும் காற்றுத் துளை வழியாக வாடை உள்ளே வந்துவிடும். வெளிக்காற்றை அடைக்கும் லீவரைத் தள்ளிப் பாருங்கள். வாடை குறைந்தால் காரணம் பெரும்பாலும் இன்ஜின் பக்கம். குறையாவிட்டால் வண்டிக்குள்ளேயே தேடுங்கள்.

இதற்கு முன்பே வாட்டர் வாஷுக்கு விடுவது பெரிய தப்பு. எங்கிருந்து கசிந்தது என்று காட்டும் தடம் எல்லாம் கழுவிப் போய்விடும். இரவில் இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது, என்ன நிறம் என்று பாருங்கள்.

காலடிக் கார்பெட் ஈரமாக இருந்தால் "ஏசி தண்ணிதான்" என்று விட்டுவிடுகிறோம். தொட்டுப் பாருங்கள். ஏசி தண்ணீர் பிசுபிசுக்காது. பிசுபிசுப்பும் இனிப்பான வாடையும் இருந்தால் அது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட், ஹீட்டரின் காயில் (குழாய்ச் சுருள்) ஒழுகுகிறது. மதுரை வெயிலில் யார் ஹீட்டர் போடுகிறார்கள் என்று கேட்கலாம். போடாவிட்டாலும் பல வண்டிகளில் கூலன்ட் அந்தக் காயில் வழியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது விஷம். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், தரையில் சிந்தியதை நாய் நக்கவும் விட வேண்டாம். அளவு குறையக் குறையக் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுவதும் வேண்டாம். வாடை குறையும், ரேடியேட்டர் துருப்பிடிக்கும்.

ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை வந்தால் கேஸ் நிரப்பச் சொல்லாதீர்கள். கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூலிங் காயிலில் பூஞ்சை பிடித்திருக்கும், அல்லது தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். குழாயைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் வீடு வந்து சேரும் முன் ஐந்து நிமிடம் ஏசியை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓட விடுங்கள், காயில் காயும். ஃபேன் போட்டால் மட்டும் பிண வாடை அடித்தால் ப்ளோயருக்குள் எலி செத்துக் கிடக்கலாம். அந்த எலி பெட்ரோல் ஹோஸையும் ஒயரையும் கடித்து வைத்திருக்கிறதா என்றும் கையோடு பாருங்கள்.

கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது பிரேக் கருகினால் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சூடான டிரம்மும் டிஸ்க்கும் கோணலாகலாம், வெடிப்பும் விடலாம். ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். பிறகு இரண்டாவது கியரில் இறங்குங்கள். ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அழுகின முட்டை வாடைக்கு உடனே சைலன்சரைக் கழற்ற வேண்டாம். முதலில் பேட்டரி. இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் அதிகமாக சார்ஜ் ஏறி ஆசிட் கொதிக்கிறது. பீடி, சிகரெட்டோடு பக்கத்தில் போகாதீர்கள்.

ஒயர் கருகும் வாடை வந்து ஃபியூஸும் போனால், பெரிய ஆம்பியர் ஃபியூஸோ செப்புக் கம்பியோ போட்டு ஓட்டுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

பெட்ரோல் நெடியை "கார்புரேட்டர் வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சகித்துக்கொள்பவர்கள் பலர். இருக்கக் கூடாது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தண்ணீர் ஹோஸை வெட்டி மாட்டாமல், பெட்ரோலுக்கென்றே விற்கும் ஹோஸை வாங்கி மாற்றுங்கள். கேஸ் வண்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், டிக்கியிலும் காலடியிலும் தங்கி நிற்கும். வாடை வந்தால் சாவியைத் திருப்பாமல், எந்த சுவிட்சையும் தொடாமல், எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு சிலிண்டர் வால்வை மூடுங்கள்.

உயிருக்கே உலை வைப்பது புகை நெடி. நெடி பழகிப்போனதும் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கல்யாண மண்டபத்து வாசலில், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டு வண்டிக்குள் தூங்குவது பலருக்குப் பழக்கம். சைலன்சர் மூட்டு விட்டுப்போன பழைய வண்டியில் அந்தத் தூக்கத்தில் இருந்து எழாமலே போகலாம். தலை வலித்தாலோ குமட்டினாலோ உடனே இறங்குங்கள். வண்டியை மேலே ஏற்றி, சைலன்சர் மூட்டு, டிக்கி ரப்பர், தரையில் ஒயர் நுழையும் ஓட்டைகளின் ரப்பர் மூடி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அது முடியும்வரை கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒர்க்‌ஷாப் வரை மட்டும் ஓட்டுங்கள், டிக்கியைத் திறந்துகொண்டு ஓட்டாதீர்கள். புகை பின்னாலிருந்து உள்ளே இழுக்கும்.