பவளத் தொட்டிக்கு மருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலாவதித் தேதியைப் பாருங்கள், கையைக் கழுவுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ரீஃப் டேங்க், அதாவது உயிர்ப்பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, புதிதாக வைத்தவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்தை அடிப்பதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

தட்டைப்புழுவுக்கு எடுத்த எடுப்பில் மருந்து

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். கண்ணாடியிலும் லைவ் ராக் என்கிற தொட்டிப் பாறையிலும் துரு நிறத்தில், குருணை அளவில், வால் பிரிந்து ஒட்டியிருக்கும் புழு. பெருகிவிட்டால் பவளத்தின் மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். இதற்கென்று விற்கும் மருந்தைச் சொன்ன அளவில் ஊற்றினால் மீனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் சாகும் புழு தன் விஷத்தைத் தண்ணீரில் விடும். பத்துப் புழு செத்தால் தொட்டி தாங்கும். ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செத்தால் தாங்காது.

தெரிந்த தம்பி ஒருவர் ராத்திரி மருந்தை ஊற்றிவிட்டு போன் செய்தார். "அண்ணே, புழு கொத்துக்கொத்தா உதிருது!" ஒரே சந்தோஷம். விஷத்தையும் மருந்தையும் உறிஞ்சும் கார்பன் இருக்கிறதா என்றேன். "காலையில கொளத்தூர் வண்ணமீன் மார்க்கெட் போய் வாங்கிக்கிறேன்ணே." மாற்றுவதற்கு உப்புத் தண்ணீர்? கலக்கவே இல்லை. விடிந்தபோது தண்ணீர் மஞ்சளித்து, எல்லோ டாங் மீன் ஒருக்களித்துக் கிடந்தது. மருந்து சரியில்லை என்று திட்டினார். அளவெல்லாம் சரியாகத்தான் ஊற்றியிருந்தார்.

முதலில் ஏர் டியூபை வைத்துச் சலிக்காமல் பல நாள் உறிஞ்சி எடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்த பிறகுதான் மருந்து. தொட்டியில் கால் பங்குக்காவது அதே உப்பளவில், அதே சூட்டில் தண்ணீர் முந்தின நாளே தயாராக இருக்கட்டும். மருந்து வேலை செய்யும்வரை கார்பனை வெளியே வையுங்கள். நேரம் முடிந்ததும் புதுக் கார்பன். உதிர உதிர உறிஞ்ச ஆள் வேண்டும், அதனால் லீவு நாள் காலையில் ஆரம்பியுங்கள்.

காப்பர்

மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கைகண்ட மருந்து, ஆனால் தனித் தொட்டியில் மட்டும். இறால், நத்தை, பவளம் எதுவும் மிஞ்சாது. பாறையும் மணலும் காப்பரை இழுத்து வைத்துக்கொள்ளும். தனித் தொட்டியிலும் மணலைப் போட்டுவிட்டு, டெஸ்ட்டில் அளவு ஏறவில்லையே என்பவர்கள் உண்டு. மீன் ஒளிய பிவிசி குழாய்த் துண்டு போதும்.

லிட்டர் கணக்கு

மருந்தின் அளவைத் தொட்டியில் உள்ள தண்ணீரை வைத்துப் போடுங்கள். பாறையையும் மணலையும் கழியுங்கள், சம்ப்பை (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியை) கூட்டுங்கள்.

ஹைட்ராய்டுக்கு ஃபென்பெண்டசோல்

ஹைட்ராய்டு என்பது பாறையில் ஒட்டி வளர்ந்து பவளத்தைக் கொட்டும் சின்ன உயிரி. இந்தப் பூச்சி மருந்தைப் போட்டால் நத்தையும் மென்பவளம் சிலதும் கூடவே போகும்.

சயனோ மருந்து

சயனோ என்பது மணலில் செம்பாசி போலப் படரும் பாக்டீரியா. அதற்கான மருந்தை, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் இல்லாமல் தொடாதீர்கள்.