ஷாங்காயில் குறைந்த வாடகை ஹோம்ஸ்டே: முன்பதிவு முதல் குப்பை போடுவது வரை

ஷாங்காயில் ஹோம்ஸ்டே என்றதும் தோட்டத்து வீட்டை நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது ஆறு மாடிப் பழைய குடியிருப்பில் ஒரு அறையாக இருக்கும், அல்லது சந்துக்குள் இருக்கும் பழைய செங்கல் வீட்டின் மாடியாக இருக்கும். மின்சு என்று சீனர்கள் சொல்வது இதைத்தான். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, வரவேற்பு மேசை கிடையாது. வீட்டுக்காரரைக் கண்ணால் பார்க்காமலேயே தங்கிவிட்டு வந்துவிடலாம். ஆனால் காலையில் இறங்கினால் பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கழியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார், சந்து முனையில் பாவ்ஸி என்ற ஆவியில் வேகவைத்த பன் வெந்துகொண்டிருக்கும். ஷாங்காய் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. யீவூ சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போகிற வழியில் நாலு நாள் தங்குபவர்களுக்கும் இது கட்டுப்படியாகும்.

ஒரே விஷயம்: ஹோட்டலில் நமக்குத் தெரியாமலே முடிந்துவிடும் சில வேலைகளை இங்கே நாமே செய்ய வேண்டும். அந்த வேலைகளைத்தான் வரிசையாக எழுதுகிறேன். விசா, டிக்கெட் பற்றி இங்கே எழுதவில்லை.

முதல் படி: போனைத் தயார் செய்வது

பணம் கட்ட அலிபே, செய்தி அனுப்ப வீசாட், வழி பார்க்க அமேப், ஒரு மொழிபெயர்ப்புச் செயலி. நான்கையும் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். சீன இணையத்தில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டாலோ வெளிநாட்டுப் பயண இ-சிம் வாங்கினாலோ திறக்கும். அந்தத் தரவு சீனாவுக்கு வெளியே உள்ள நிறுவனத்தின் வழியாகப் போகிறது. அறையின் வைஃபையில் இணைந்ததும் வாட்ஸ்அப் நின்றுபோனால் பயப்பட வேண்டாம், வைஃபையை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

அலிபேயில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை ஊரிலேயே இணைத்து, பாஸ்போர்ட்டைக் காட்டிச் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். இந்திய அட்டை என்றால் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்க வேண்டும். ஓடிபி வரும் சிம் போனிலேயே இருக்கட்டும். ஒரு முறைக்கு 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 சதவீதம் பிடிப்பார்கள். வீசாட்டிலும் இதே வசதி உண்டு, ஆனாலும் பணத்துக்கு நான் அலிபேயைத்தான் சொல்வேன். டிடி டாக்ஸி, மெட்ரோ கியூஆர், மொழிபெயர்ப்பு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. வீசாட்டை வீட்டுக்காரரோடு பேச வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அறையைத் தேர்ந்தெடுப்பது

வீட்டு அறைகளை வாடகைக்குப் பதியும் ஏர்பிஎன்பி தளம் 2022 ஜூலை இறுதியில் சீனாவுக்குள் இருந்த தன் பட்டியல்களை எடுத்துவிட்டது. பழைய பயணக் குறிப்புகளில் இன்னும் அதன் பெயரைப் பார்க்கலாம், விட்டுவிடுங்கள். உள்ளூர்ச் செயலிகளில் விலை குறைவுதான், ஆனால் சீன அடையாள அட்டை, சீன போன் எண் என்று கேட்டு நம்மைப் பாதியில் நிறுத்திவிடும். நான் டிரிப் டாட் காமிலேயே பதிவு செய்கிறேன். சீனாவில் வாழ்பவர்களை மட்டும் ஏற்கும் இடங்கள் என்றால் அங்கே குறிப்பு இருக்கும், அதைப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

நான் தேடுவது 200 யுவானை ஒட்டிய அறைகளை. அந்த விலையில் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். ஜன்னல் இருக்கிறதா? மலிவான அறைகளில் பலவற்றுக்கு ஜன்னலே இருக்காது, விவரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். மெட்ரோவிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கிறதா? இரண்டாம், பத்தாம் வழித்தடங்கள் சுற்றிப் பார்க்கத் தோதானவை. நான்காம் தடம் நகர மையத்தைச் சுற்றி வருகிறது, அதை ஒட்டி ஹாங்கோ என்ற பகுதியில் விலை குறையும். மூன்றாவது, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? சீனாவில் தரைத்தளமே முதல் மாடி. அறை 402 என்றால் நம் கணக்கில் மூன்றாம் மாடி. பழைய ஆறு மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் இல்லாததுதான் வழக்கம். பெரிய பெட்டியோடு, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுவிடுங்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று. வடசீன நகரங்களில் இருப்பது போன்ற பொது வெப்ப ஏற்பாடு ஷாங்காயில் கிடையாது. ஜனவரியில் வெளியே இருக்கும் குளிர் அறைக்குள்ளும் இருக்கும். ஏசியில் சூடு வருமா, மின்சாரப் படுக்கை விரிப்பு உண்டா என்று கேளுங்கள். ஜூன் நடுவிலிருந்து ஜூலை முன்பாதி வரை ஓயாத மழை; அப்போது தரைத்தள அறை எடுத்தால் சுவரில் பூஞ்சை வாடை அடிக்கும்.

மூன்றாம் படி: வீட்டுக்காரரிடம் கேட்பது

முன்பதிவு செய்யும் முன்பே, மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதி இதை அனுப்புங்கள்: "நான் வெளிநாட்டவர், இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிறேன். என்னைத் தங்க வைப்பீர்களா? காவல் நிலையத்தில் என் தற்காலிகத் தங்கல் பதிவுக்கு உதவுவீர்களா? முழு முகவரியைச் சீன எழுத்தில் அனுப்ப முடியுமா?" தகுதி இல்லை என்ற காரணத்தைச் சொல்லி வெளிநாட்டவரைத் தங்கும் விடுதிகள் மறுக்கக் கூடாது என்று சீன அரசு 2024இல் அறிவுறுத்தியது உண்மை. ஆனால் ஒரு வீட்டை வைத்து நடத்தும் தனி ஆளுக்குப் பதிவு முறை தெரியாமல் இருக்கலாம். அவரோடு வாதாடாதீர்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள், ஷாங்காயில் வீடுகளுக்குப் பஞ்சமில்லை.

நான்காம் படி: முகவரியைப் பிரித்துப் படிப்பது

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். எனக்கு அதிகம் தடுமாற்றம் தந்ததும் இந்தப் படிதான்.

ஒரு மாதிரி முகவரி வைத்துக்கொள்வோம்: இன்ன சாலை, லேன் 285, எண் 16, அறை 402. முதல் முறை பார்க்கும் யாரும் சாலையில் 16ஆம் எண் கட்டடத்தைத் தேடுவார்கள். அந்தச் சாலையில் 16 என்று ஒரு கட்டடம் இருக்கவும் செய்யும், ஆனால் அது உங்கள் வீடு அல்ல. ஷாங்காயில் சாலையில் ஓடும் எண் வரிசையிலேயே சந்துகளுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். 283, 287 என்று கடைகள் வரும், நடுவில் ஒரு வளைவோ இரும்புக் கேட்டோ இருக்கும், அதுதான் 285. அதற்குள் போனால் 1, 2, 3 என்று கட்டட எண்கள் புதிதாகத் தொடங்கும். அங்கே 16ஐத் தேட வேண்டும். பிறகு சீனக் கணக்கில் நாலாம் மாடி, இரண்டாம் அறை. பெரிய குடியிருப்பு என்றால் ஒரே சந்துக்கு வேறு தெருவிலும் வாசல் இருக்கும், எந்தக் கேட் வழியாக வர வேண்டும் என்று வீட்டுக்காரரிடமே கேட்டு, கேட்டின் போட்டோவையும் வாங்கிவிடுங்கள்.

சாலைப் பெயரின் வாலையும் விடாமல் பாருங்கள். நான்ஜிங் கிழக்குச் சாலை வேறு, நான்ஜிங் மேற்குச் சாலை வேறு. இரண்டுக்கும் இரண்டாம் தடத்தில் தனித்தனி மெட்ரோ நிலையம், நடுவில் மக்கள் சதுக்கம் நிலையம். ஹுவாய்ஹாய் சாலைக்குக் கிழக்கு, நடு, மேற்கு என்று மூன்று துண்டு. ஒவ்வொன்றிலும் எண் வேறு. பழைய நகர மையத்தில் ஒரு வசதி உண்டு: வடக்குத் தெற்காக ஓடும் பல சாலைகளுக்கு மாகாணப் பெயர், கிழக்கு மேற்காக ஓடுபவற்றுக்கு நகரப் பெயர். சிச்சுவான் சாலையில் நிற்கிறீர்கள் என்றால் வடக்கு தெற்காக நிற்கிறீர்கள்.

கூகுள் மேப்பை நம்பி நடக்காதீர்கள். சீன வரைபடங்கள் இடத்தை எண்களால் குறிக்கத் தனி முறையைப் பின்பற்றுகின்றன, அதனால் கூகுளில் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழும். சந்து தேடும்போது அது ரொம்பவே தூரம். அமேப்பில் வீட்டுக்காரர் அனுப்பிய சீன எழுத்து முகவரியை அப்படியே ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தால் ஒரே மாதிரி ஒலிக்கும் நாலு சாலைகள் வந்து நிற்கும்.

ஐந்தாம் படி: மூன்று கதவுகள்

சந்துக் கேட், கட்டடக் கதவு, அறைக் கதவு. ஒவ்வொன்றையும் எப்படித் திறப்பது என்று தனித்தனியாகக் கேட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், வாசலில் நிற்கும்போது நெட் இல்லாமல் போகலாம். சந்துக் கேட்டில் காவலர் இருப்பார், முகவரியைக் காட்டினால் விட்டுவிடுவார், கையால் வழியும் காட்டுவார். அறைக் கதவில் எண் பூட்டு. அதில் எண்ணே தெரியவில்லை என்றால் உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவுங்கள், விளக்கு எரியும். பாஸ்வேர்ட் போட்டு முடித்ததும் பல பூட்டுகளில் ஹேஷ் (#) குறியை அழுத்த வேண்டும், அதை அழுத்தாமல் பூட்டு திறக்காது.

இரவு ஒன்பது மணிக்கு மேல் விமானம் இறங்குகிறது என்றால் முதல் இரவை மட்டும் சாதாரண ஹோட்டலில் கழியுங்கள். இருட்டில், களைப்பில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தைத் தேட வேண்டாம். பூடோங் விமான நிலையத்திலிருந்து காந்த விசையில் மிதந்து ஓடும் மாக்லெவ் ரயில் அருமையான அனுபவம், 30 கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் கடக்கும். ஆனால் அது லாங்யாங் சாலை நிலையத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து மீண்டும் மெட்ரோ மாற வேண்டும். பெட்டியோடு போகிறவர்களுக்கு இரண்டாம் தட மெட்ரோவே வசதி.

ஆறாம் படி: காவல் நிலையப் பதிவு

இதை யாரும் தவிர்க்காதீர்கள். ஹோட்டலில் தங்கினால் பாஸ்போர்ட்டை வாங்கி அவர்களே பதிந்துவிடுவார்கள். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களோ வீட்டுக்காரரோ அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் வெளியேற்றம், நுழைவு பற்றிய சட்டத்தின் 39ஆம் பிரிவு இது. மீறினால் எச்சரிக்கை, 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்கலாம். பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

ஷாங்காயில் இதை ஆன்லைனிலேயே செய்யலாம். நகரக் காவல்துறையின் குடிநுழைவுப் பிரிவு இதற்கென இணையப் பக்கம் வைத்திருக்கிறது. பாஸ்போர்ட், விசா விவரம், வந்த தேதி, வீட்டுக்காரரின் பெயரும் போன் எண்ணும், முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். நான்காம் படியில் பிரித்து வைத்த முகவரி இங்கே பயன்படும்: சாலை, சந்து, எண், அறை. முடிந்ததும் பதிவுச் சீட்டைச் சேமித்து வையுங்கள்.

ஆன்லைனில் முகவரி ஒத்துப்போகவில்லை என்றால் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு நேரில் போவதே சுருக்கம். அவர் வர முடியாது என்றால் வீட்டுப் பத்திரத்தின் நகல், அவருடைய அடையாள அட்டையின் போட்டோ இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். "ரெண்டு நாள்தானே, தேவையில்லை" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். உங்கள் பெயரில் வரும் அபராதத்தை அவர் கட்டப்போவதில்லை.

பின்சேர்க்கை: சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சில வாசகர்கள், "எங்களுக்கு 30 நாள் விசாவே வேண்டாமே, பதிவும் வேண்டாம்தானே?" என்று கேட்டிருந்தார்கள். வேண்டும். விசா விலக்கு வேறு, தங்கல் பதிவு வேறு. நடுவில் வேறு வீட்டுக்கு மாறினால் அங்கேயும் புதிதாகப் பதிய வேண்டும்.

ஏழாம் படி: குப்பை

2019 ஜூலை 1 முதல் ஷாங்காயில் குப்பையை நான்காகப் பிரிப்பது கட்டாயம்: ஈரக் குப்பை, உலர் குப்பை, மறுசுழற்சிக்கானது, ஆபத்தானது. மீதிச் சோறு, பழத்தோல், காய்கறித் துண்டுகள் ஈரம். அந்த ஈரக் குப்பையைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பை உலர் குப்பை. தொட்டியில் கொட்டிவிட்டுப் பையைப் பக்கத்துத் தொட்டியில் போட வேண்டும். பல குடியிருப்புகளில் குப்பை அறை காலையிலும் மாலையிலும் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், அங்கே ஒரு அக்காவோ பெரியவரோ நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நாம் தப்பாகப் போட்டால் அந்தச் சந்துக்காரர்களின் கோபம் வீட்டுக்காரர் மேல் திரும்பும், அப்புறம் அவர் வெளிநாட்டவருக்கு அறை தருவதையே நிறுத்திவிடலாம். எந்த நேரம் திறக்கும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை, சைவம் சாப்பிடும் வாசகர்களுக்காக: சமையலறை உண்டு என்று போட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு இண்டக்ஷன் அடுப்பும் ஒரு வாணலியும்தான். குக்கரை எதிர்பார்க்காதீர்கள். பருப்பும் அரிசியும் வேக ஒரு சின்ன மின்சாரப் பாத்திரம் கொண்டுபோனால் போதும்; 220 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். பெரும்பாலான அறைகளில் கெட்டில் இருக்கும், கொதிக்க வையுங்கள்.

காலி செய்யும்போது அறையை ஒரு சுற்று வீடியோ எடுத்து, ஏசியை அணைத்து, கதவு பூட்டிய சத்தம் கேட்டபின் வீசாட்டில் வீட்டுக்காரருக்குச் செய்தி போடுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் அவர் சரிபார்த்தபின் வந்த வழியிலேயே திரும்பிவிடும். அது உங்கள் கணக்கில் ஏறும் வரை அந்த வீடியோவை அழிக்காதீர்கள்.