வெல்டிங் பயிற்சிப் பள்ளி தொடங்குகிறீர்களா? முதலில் ராடுக்குப் பணம் ஒதுக்குங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எந்தப் பட்டறை முதலாளியிடம் பேசினாலும், நல்ல வெல்டர் கிடைப்பதில்லை என்பதுதான் பேச்சு. அதைக் கேட்டு, நாமே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கலாமே என்று யோசிக்கிறவர்கள் நிறையப் பேர். நல்ல யோசனைதான். பல வருடம் பட்டறையில் ஹோல்டர் பிடித்துவிட்டு, இப்போது பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவன் நான். அந்த அனுபவத்தில் சில தவறுகளைச் சொல்கிறேன்.

பெரிய தவறு, இருக்கிற பணம் முழுவதையும் கட்டடத்திலும் மெஷினிலும் போட்டுவிடுவது. ஏ.சி. போட்ட ஆபீஸ், வரிசையாகப் புது இன்வெர்ட்டர் மெஷின், வாசலில் பெரிய பலகை. எல்லாம் முடிந்த பிறகு ராடு (எரிந்து உருகி இரும்பை ஒட்டும் வெல்டிங் குச்சி) வாங்கக் காசு இருக்காது. வெல்டிங் கை பழகினால்தான் வரும். கை பழக வேண்டுமென்றால் ராடு எரிய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பையன் ஒரு நாளைக்கு 3.15 எம்.எம். ராடு 50 எரிக்கிறான் என்று வையுங்கள். ஒரு ராடு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் எரியும். அப்படியானால் நாள் முழுக்க நின்றாலும் ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்சுடர்) எரிகிற நேரம் ஒன்றேகால் மணிதான். மற்ற நேரமெல்லாம் டேக் அடிப்பதிலும் (துண்டுகளை முதலில் புள்ளி புள்ளியாக ஒட்டி நிறுத்துவது) ஒட்டின் மேல் படியும் ஸ்லாக்கைத் தட்டுவதிலும் கிரைண்டிங்கிலும் போய்விடும். 50 ராடு சுமார் 2 கிலோ. 20 பேர், மாதம் 25 நாள் என்றால் 1,000 கிலோ. கிலோ 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் ஒரு லட்சம் ரூபாய் ராடுக்கு மட்டும். ஃபீஸ் எவ்வளவு என்று முடிவு செய்வதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

அடித்துப் பழகுகிற இரும்புப் பிளேட்டும் இதே கதைதான். 150-க்கு 100 எம்.எம்., 10 எம்.எம். கனத்தில் ஒரு துண்டு 1.2 கிலோ வரும். புதுப் பிளேட் வாங்கி வெட்டினால் கட்டுப்படியாகாது. பக்கத்தில் இருக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் பேசி, கழிவுத் துண்டுகளை எடை போட்டு எடுங்கள்; அடித்து முடித்ததைத் திரும்ப இரும்புக்கடையில் போடலாம். நான் முதலில் வேலை பார்த்த பயிற்சி இடத்தில் ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு ஐந்தே ராடு எண்ணிக் கொடுப்பார்கள். மூன்று மாதம் முடித்துச் சர்டிபிகேட்டோடு வேலைக்குப் போன பையன் ஒருவன், இரண்டாம் நாளே திரும்பி வந்து நின்றான். அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

அடுத்தது, ஊரைப் பார்க்காமல் பாடம் வைப்பது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள், கரூரில் பஸ் பாடி. அங்கே வேகமாக மிக் வெல்டிங் (ராடுக்குப் பதில் கம்பி தானாக ஓடி வருகிற வெல்டிங்) அடிக்கத் தெரிந்த கை வேண்டும். மெல்லிய தகட்டைச் சூட்டில் கோணாமல் அடிக்கத் தெரிய வேண்டும். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி (போர்வெல் போடுகிற வண்டி) வேலை என்றால் கனத்த பிளேட், 7018 என்ற வகை ராடு, நின்ற வாக்கில் (வெர்டிகல்) கீழிருந்து மேலே ஏற்றி அடிக்கிற வேலை. அந்த ராடை ஓவனில் காய வைத்து எடுக்க வேண்டும் என்பதே தெரியாமல் பையன்கள் வருகிறார்கள். ஈர ராடில் அடித்தால் உள்ளே வெடிப்பு விழும். ஈரோடு, திருப்பூர் சாயப்பட்டறை மெஷின்களுக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வேலை, அதற்கு டங்ஸ்டன் முனையால் அடிக்கிற டிக் வெல்டிங். கோவை ஃபவுண்டரிப் பக்கம் போனால் வார்ப்பிரும்பைச் சூடேற்றி, நிக்கல் ராடில் ஒட்டுப் போடத் தெரிந்தவருக்கு மரியாதையே தனி. எல்லாவற்றையும் மூன்று மாதத்தில் கற்றுத் தருகிறேன் என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள். உங்கள் ஊரைச் சுற்றிப் பத்துப் பட்டறை ஏறி இறங்குங்கள். அப்படி நான் ஏறி இறங்கியபோது ஒரு முதலாளி என்னிடம் சொன்னது: "சர்டிபிகேட்ட அப்புறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல இந்தப் பிளேட்ல ஒரு வெர்டிகல் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க."

சர்டிபிகேட் விஷயத்தில் வாய் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. அரசு சர்டிபிகேட் கிடைக்கிற ஐ.டி.ஐ. வெல்டர் படிப்பு ஒரு வருடம். அதை நடத்த ஐ.டி.ஐ. அங்கீகாரம் வேண்டும். அது கைக்கு வருவதற்கு முன்னால் "அரசு அங்கீகாரம்" என்று பலகையில் எழுதுவது தப்பு. உங்கள் சர்டிபிகேட் உங்கள் பள்ளியின் சர்டிபிகேட் மட்டும்தான் என்று பெற்றோரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அதற்கு மதிப்பு வர ஒரு வழி இருக்கிறது: கடைசித் தேர்வில் ஒவ்வொரு பையனின் பிளேட்டையும் வெட்டி, வளைத்துப் பாருங்கள். லேத் பட்டறையில் சொன்னால் ஹைட்ராலிக் ஜாக்கை வைத்தே வளைக்கிற பிரஸ் செய்து தருவார்கள். மேலே அழகாகத் தெரிகிற பீடு (ஒட்டின் வரி), வளைத்தவுடன் வேரில், அதாவது ஒட்டின் அடியில், பிளந்துகொள்ளும். அதைக் கண்ணால் பார்த்த பையன் ரூட் ரன்னில் (அடியில் போடும் முதல் வரி) அப்புறம் அவசரப்பட மாட்டான்.

மாஸ்டர் விஷயம். நன்றாக அடிக்கிறவர் எல்லாம் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று எண்ண வேண்டாம். "இப்படி அடி" என்று தானே அடித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார். பையன் ஏன் ராடு ஒட்டிக்கொள்கிறது என்று கேட்டால் பதில் சொல்கிற பொறுமை வேண்டும். திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலை வளாகத்தில் 1975 முதல் இருக்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சிகள் நடத்துகிறார்கள். மாஸ்டரை அப்படி ஒரு பயிற்சிக்கு அனுப்பும் செலவு வீண் போகாது.

கொட்டகைக்குத் த்ரீ ஃபேஸ் இணைப்பு வாங்கிவிட்டுத்தான் மெஷின் வாங்க வேண்டும். சிங்கிள் ஃபேஸில் நாலு மெஷின் சேர்ந்து ஓடினால் ஆர்க் நிலையாக எரியாது, பையன் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வான். புகைக்குச் சீலிங் ஃபேன் மாட்டுவது இன்னொரு தவறு. அந்தக் காற்று மிக் வெல்டிங்கில் உருகும் இடத்தை மூடிக் காக்கிற கேஸைக் கலைத்துவிடும், பீடு முழுக்க ஊசி ஓட்டை விழும். புகையை அந்தந்த இடத்திலேயே உறிஞ்சி வெளியே தள்ள எக்ஸாஸ்ட் வையுங்கள்.

ஜி.ஐ. பைப்பைத் துத்தநாகப் பூச்சு தேய்க்காமல் அடித்தால் சாயங்காலம் குளிர் காய்ச்சல் வரும். பால் குடித்தால் போதும் என்பதை நம்ப வேண்டாம். கண் எரிந்தால் உருளைக்கிழங்கு, தாய்ப்பால் என்ற பட்டறை வைத்தியத்தை உங்கள் பள்ளியில் அனுமதிக்காதீர்கள், கண் டாக்டரிடம் அனுப்புங்கள். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படக் கூடாது. டீசல் டேங்க், டேங்கர் போன்ற மூடிய பாத்திரத்தைப் பயிற்சிக்கு எடுக்கவே கூடாது.

சேர்க்கைக்கு வருகிற அம்மாக்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று: "பையனுக்குக் கண்ணு கெட்டுப்போயிருமுங்களா?" வாயால் பதில் சொல்ல வேண்டாம். கொட்டகைக்குள் கூட்டிப்போய் ஒரு ஷீல்டை அவர் கையில் கொடுத்து, ஒரு ராடு முழுக்க எரிவதைக் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்க வையுங்கள். என்னிடம் வந்த ஒரு அம்மா, அது எரிந்து முடிந்ததும் ஷீல்டை இறக்காமலே, "இன்னொன்னு வெய்யுங்க கண்ணு, பாக்கறேன்" என்றார்.