அலாஸ்கா கடற்கரையில் பழைய குடியிருப்புகளின் தடத்தைப் பார்ப்பது எப்படி

வடமேற்கு அலாஸ்காவில், சுக்சி கடலோரம் குருசென்ஸ்டெர்ன் முனை இருக்கிறது. சாலை கிடையாது, கோட்சபூ ஊரிலிருந்து சின்ன விமானத்திலோ படகிலோ போக வேண்டும். அங்கே 114 சரளைக்கல் மேடுகள் வயல் வரப்பு மாதிரி வரிசையாகக் கிடக்கின்றன.

கடலில் தொடங்கி உள்ளே நடங்கள், அதுதான் முக்கியம். புயல் அலை சரளையை ஒதுக்கி ஒரு மேடு போடும், காலம் போகப் போக அதற்கு முன்னால் இன்னொரு மேடு விழும், அதனால் கடலோரம் இருப்பது புதுசு, உள்ளே போகப் போகப் பழசு. சீல் (கடல்நாய்) வேட்டைக்காரர்கள் தண்ணீரை ஒட்டிய மேட்டில்தான் தங்கினார்கள். மற்ற இடங்களில் மண்ணடுக்காகக் கீழே இறங்கும் காலம் இங்கே தரையில் படுத்துக் கிடக்கிறது! 1958இல் இங்கே ஆய்வைத் தொடங்கிய அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் கிடிங்ஸ் இந்த வரிசையை வைத்தே நாலாயிரம் ஆண்டுக்கும் மேலான வாழ்க்கையை அடுக்கிக் காட்டினார்.

சரி, எதைத் தேடுவது? முதலில் புல். ஒரு திட்டில் மட்டும் புல் அடர்ந்து பச்சையாக இருந்தால், அடியில் பழைய எலும்பும் கொழுப்பும் உரமாகியிருக்கலாம். அப்புறம் பள்ளம். பாதி மண்ணுக்குள் கட்டிய வீடு இடிந்த இடம் அது, ஒரு பக்கம் வால் போல நீண்டிருந்தால் நுழைவுச் சுரங்கம். ஆகப் பழைய மேடுகளில் இதெல்லாம் இருக்காது, அடுப்புக் கரியும் நகத்தளவு கல் சில்லுகளும்தான், அவை டென்பி எனப்படும் பண்டைய வேட்டை மக்களுடையவை.

ஒன்றில் ஏமாறாதீர்கள். பிற்காலத்தவர் பழைய மேட்டில் வந்து தங்கத் தடையில்லை, ஆகவே மேடு சொல்வது 'இதைவிடப் பழசாக இருக்காது' என்பதை மட்டும்தான். கார்பன் காலக்கணிப்பிலும் கவனம் தேவை, மிதந்து வந்த மரம் எரிக்கப்படும் முன்பே பல காலம் கிடந்திருக்கலாம், சீல் எலும்பும் உண்மையைவிடச் சில நூறு ஆண்டு பழசாகக் காட்டும்.

ஒரு சில்லைக்கூட எடுக்காதீர்கள். அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டுத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம், அதைவிடப் பெரிய இழப்பு, எந்த மேட்டில் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் கல். அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தேசியப் பூங்கா அலுவலகத்தில் சொல்லுங்கள். இப்பகுதியின் பூர்வகுடிகளான இனுபியாத் குடும்பங்கள் இன்றும் அங்கே வேட்டைக்கு வருகிறார்கள், சில நிலம் அவர்களுக்கே சொந்தம், கூடாரத்தைக் கண்டால் முதலில் போய் அனுமதி கேளுங்கள்.